கோதுமைக்கு நாற்று விட்ட வீடு

பொருளாதாரம் படிக்கப் போனவள் வேளாண்மையும் சேர்த்துப் படித்தேன் என்று சொன்னால், அதில் ஏதோ உயர்ந்த நோக்கம் இருந்திருக்கும் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நோக்கமாவது ஒன்றாவது. எழுபதுகளின் நடுவில், தில்லியில் நான் சேர்ந்த கல்லூரியில், பி.ஏ. ஆனர்ஸ் படிக்கிறவர்கள் முக்கியப் பாடத்தோடு ஒரு துணைப்பாடமும் எடுத்தாக வேண்டும். சேர்க்கை நாளன்று, எங்கள் வீடு இருந்த லக்ஷ்மிபாய் நகரில் நான் ஏறிய பஸ் பாதி வழியில் உயிரை விட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் கணிதம், சரித்திரம், அரசியல் எல்லாம் நிரம்பிவிட்டன. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, "அக்ரிகல்சர்தான் பாக்கி" என்றார், கூடையின் அடியில் கிடக்கும் சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவிடும் குரலில். வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பாடத்தை அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்தார்கள். ஏன் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லூரியிடம் இருந்த விளைநிலம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கீற்று. பேராசிரியர் தானியக் கிடங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். கோதுமை மூட்டையில் ஏறிய பிறகு அதற்கு என்னென்ன கேடு வரும் என்பது அவருக்கு அத்துப்படி. மூட்டையில் ஏறுவதற்கு முன்னால் அது ஒரு செடி என்பது அவருக்குக் கேள்வி ஞானம்தான். போதாததற்குப் புல்பூண்டு பூக்கும் காலத்தில் அவருக்குத் தும்மல் வரும். கோதுமையும் ஒரு வகைப் புல் என்பதால், அந்தப் பாடத்தையே ஜன்னலைச் சாத்திவிட்டு, மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டுதான் நடத்துவார்.

மாணவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவன் நஜஃப்கர் பக்கத்து கிராமத்து ஜாட் பையன். தில்லி முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் அவன் வீட்டுக்கு முப்பது ஏக்கர் நிலம். சுலபமாக மார்க் வாங்கலாம் என்று இதை எடுத்தவன், விதைப்புக்கும் அறுவடைக்கும் வீட்டில் ஆள் வேண்டும் என்று வகுப்புக்கு வருவதே இல்லை. வந்த ஒரு நாள் பேராசிரியர் அவனை நிற்க வைத்து, "விவசாயத்தில் அக்கறை இருந்தால் வகுப்பில் இரு. இல்லாவிட்டால் வயலுக்கே போ" என்று திட்டினார். அவன் உண்மையான நன்றியோடு கும்பிட்டுவிட்டு வயலுக்குப் போனான்.

மூன்றாம் வருடம் வரை இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் வந்தது வினை. துணைப்பாடத்தில் செய்முறைத் தேர்வு உண்டு, அதில் தேறாதவர்களுக்கு ஆனர்ஸ் கிடையாது, வெறும் பாஸ் டிகிரிதான் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஆனர்ஸ் இல்லாவிட்டால் எம்.ஏ. இல்லை. எம்.ஏ. இல்லாவிட்டால் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், குமாஸ்தா பரீட்சை என்று அப்பா எனக்கு வரிசையாகத் திட்டம் வைத்திருந்தார். நான் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டேன். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. அந்த வயதில் வேறு எதையும் நான் அவ்வளவு வெறியோடு விரும்பியதில்லை, பிற்பாடும் விரும்பவில்லை.

செய்முறை என்றால் பயிர் வளர்த்துக் காட்ட வேண்டும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டரில் ஒரு கோதுமைப் பாத்தி. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கீற்றில் கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஷாமியானா போட்டுக் கம்பு நட்டுவிட்டார்கள். ஆகவே மாணவர்கள் அவரவர் வீட்டிலேயே பாத்தி போட வேண்டும், வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் மார்ச் மாதத்தில் வீட்டுக்கே வந்து பயிரைப் பார்ப்பார் என்று முடிவாயிற்று.

நாங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் கீழ்த்தளம். முன்னால் மூன்று பாய் விரித்த அளவுக்கு மண் இருந்தது. அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு துளசியும் தில்லிக் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பா பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கே? நாம விவசாயக் குடும்பம்டி. நீ படிக்கிற வேலையைப் பாரு. பயிரை நான் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் எங்கள் விவசாயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாத்தாவுக்கு நஞ்சை இருந்தது வாஸ்தவம். அத்தைகளின் கல்யாணத்துக்கு ஒவ்வொரு துண்டாகப் போய், அப்பா தில்லிக்கு ரயிலேறும்போது கொல்லைப்புறம்கூட மிச்சமில்லை. இருந்த காலத்திலும் தாத்தா சேற்றில் கால் வைத்ததில்லை. வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார், வேலை நடக்கும். அப்பா சிறு வயதில் அவருக்குப் பக்கத்தில் அதே குடைக்குள் நின்றிருக்கிறார். அவருடைய விவசாய அறிவு முழுவதும் அந்தக் குடைக்குள்ளிருந்து தெரிந்ததுதான். தில்லியிலோ விவசாயம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் செக்ஷன் ஆபீஸர். நாட்டின் கோதுமையெல்லாம் அவர் மேஜை வழியாகப் போயிற்று, கோப்பாக.

ஆனால் ரவையாக அல்லாமல் எங்கள் வீட்டு வாசலைக் கோதுமை தாண்டியதில்லை. ரேஷனில் அரிசி கொஞ்சமும் கோதுமை நிறையவும் போடுவார்கள். கோதுமையை மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் பங்கு அரிசியை நாங்கள் வாங்கிக்கொள்வோம். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் பிழைத்தன. பண்டமாற்று பழங்காலத்தில் இருந்தது என்று என் பொருளாதாரப் புத்தகம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

விதைக்குக் கோதுமை வேண்டுமே. அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கொடுத்த கோதுமையில் கொஞ்சம் திருப்பிக் கேட்டாள். இத்தனை வருடத்தில் நாங்கள் கோதுமை கேட்டதே இல்லை என்பதால், கீழ் வீட்டில் ஏதோ பெரிய கஷ்டம் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டார். ஒரு டப்பா கோதுமையோடு, சுடச்சுட நாலு பராட்டாவும் ஊறுகாயும் கொடுத்தனுப்பினார். அப்பா பராட்டாவைத் தொடவில்லை. கோதுமையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "நாத்தங்காலுக்கு இது போறும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பா, கோதுமைக்கு நாத்தங்கால் கிடையாதுப்பா. நேரா விதைக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. தண்ணியும் தேங்கப்படாதாம்."

"யார் எழுதின புஸ்தகம்?"

பெயரைப் படித்தேன். வடக்கத்திப் பெயர்.

"அதானே பாத்தேன்! இவாளுக்கு நாத்து விட்டு, பறிச்சு, நடற பொறுமை ஏது? வாரி இறைச்சுட்டுப் போயிண்டே இருப்பா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி."

"ஏன்னா, அவ பரீட்சைன்னா அது" என்றாள் அம்மா.

"அதனாலதான் சொல்றேன். நம்மாத்துப் பயிர் நாலு பேர் பாக்கற மாதிரி இருக்க வேண்டாமா?"

பஞ்சாங்கத்தில் நாள் பார்த்தார். கோதுமையை ஊற வைத்து, சாக்கில் கட்டி, குளியலறையில் வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அது முளை விட்டதும் பழைய தகரத் தொட்டியில் சேற்றைக் குழைத்து விதைத்தார். நாற்று ஒரு சாண் வளர்ந்தது. வளர்ந்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. அது செத்திருந்தால் நான் நேராக விதைத்துத் தொலைத்திருப்பேன். அப்பா தினமும் ஆபீஸ் போகும்போது தொட்டியைத் தடவிவிட்டுப் போனார். இருபது வருடமாகக் கோப்பைத் தவிர வேறெதையும் அவர் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடவு. பாத்தியைச் சுற்றி வரப்பு எழுப்பி, குழாயில் ரப்பர் டியூபை மாட்டிக் காலையிலிருந்து தண்ணீர் விட்டார். மாடி வீட்டில் குழாய் வறண்டது. அந்த அம்மாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெஹன்ஜி, தாலாப் பனா ரஹே ஹோ க்யா?" என்று கேட்டார். குளம் வெட்டுகிறீர்களா என்று. அம்மா வெட்கம் தாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

நடவு பெண்கள் வேலை என்பது அப்பாவின் கட்சி. அம்மாவும் நானும் முடியாது என்றோம். அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் தேய்க்க வந்தாள் எங்கள் வீட்டு வேலைக்கார அம்மாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, நாலா என்கிற பெரிய சாக்கடைக்கு அந்தப் பக்கம் குடிசையில் இருந்தவள். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊரில் நடவுக்குப் போனவளாம். சேற்றைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஐஸ் மாதிரி இருந்த தண்ணீரில் இறங்கினாள்.

"இன்னா நாத்து ஐயா இது, இம்மாம் ஒல்லியா இருக்குது? சீக்குக் கோழியாட்டம்!"

"தில்லி நாத்து அப்படித்தான் இருக்கும். நீ நடு" என்றார் அப்பா.

நடவு நடுகிறவர்கள் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே போவார்கள். எங்கள் வயலில் நாலு எட்டுக்குள் வேலி அவள் முதுகில் இடித்தது. "குந்துனா ரொம்பிப்பூடும் போலருக்கே ஐயா ஒங்க வயலு!" என்று அவள் சிரித்த சிரிப்பு தெரு முனைவரை கேட்டிருக்கும். ஆனால் வரிசை என்றால் வரிசை, நூல் பிடித்தாற்போல இருந்தது. அவளுக்கும் தெரிந்தது நெல்தான். எங்கள் வீட்டில் அன்று இருந்த எல்லோரும் நெல்தான். கோதுமை மட்டும்தான் கோதுமை.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, மேலே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு, வரப்பில் குடை பிடித்து நின்றார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பனிமூட்டம்தான் இருந்தது. ஸ்கூட்டரில் போன சர்தார்ஜி ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. அழுகை வந்தது. பரீட்சைக்காகவும் வந்தது.

பத்து நாளில் பயிர் மஞ்சளாயிற்று. குளிர் என்றார் அப்பா, இன்னும் தண்ணீர் விட்டார். தெருக் குழந்தைகள் காகிதக் கப்பல் விட்டார்கள். ஒரு நாள் காலை எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து பாத்தியின் நடுவில் ஒற்றைக் காலில் நின்றது. அப்பா ஷேவிங் சோப்பு நுரையோடு ஓடி வந்து பார்த்தார். "பாத்தியாடி! இது வயல்னு கொக்குக்கே தெரிஞ்சுடுத்து!" அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கண்டதில்லை. என் எம்.ஏ. அந்தத் தண்ணீரில் அழுகிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஜாட் பையன் நோட்ஸ் வாங்க வீட்டுக்கு வந்தான். பாத்தியின் முன்னால் குந்திப் பார்த்தான். பிறகு மரியாதையாக, "சிங்காரா ஹை க்யா?" என்று கேட்டான். சிங்காரா என்பது அந்தப் பக்கத்துக் குளங்களில் விளையும் ஒரு கொட்டை. கோதுமை என்றேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "தண்ணியைத் திறந்துவிடு. இன்றைக்கே" என்று மட்டும் ஹிந்தியில் சொல்லிவிட்டு, நோட்ஸை வாங்க மறந்து போய்விட்டான்.

மறுநாள் காலை அப்பா பால் பூத்துக்குப் போன நேரத்தில், தேங்காய் கீறும் கத்தியால் வரப்பின் அடியில் ஓட்டை போட்டேன். தண்ணீர் கடகடவென்று தெருச் சாக்கடையில் இறங்கியது. அப்பா திரும்பி வந்து பார்த்தார். உட்கார்ந்து, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆராய்ந்தார். என்னைச் சந்தேகிப்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"நண்டு" என்றார்.

தஞ்சாவூர் வயல்களில் நண்டு வரப்பைத் துளைக்கும். லக்ஷ்மிபாய் நகரில் நண்டு ஏது? அப்பாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. ஓட்டையை அடைத்தார். மறுநாள் நான் வேறு இடத்தில் போட்டேன். அவர் அடைத்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காப்பிக்கொட்டை வாங்கப் போனபோது அங்கே மீன் விற்கிறவனிடம், சுத்த சைவமான என் அப்பா, நண்டின் பழக்க வழக்கங்களைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்தாராம். கூடப் போயிருந்த அம்மா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். இப்படியே ஜனவரி முழுவதும் நானும் அவரும் போராடினோம். பயிரில் மூன்றில் ஒரு பங்கு பிழைத்தது. பிப்ரவரியில் அது கதிர் வாங்கியபோது நான் தனியாக நின்று அழுதேன். முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனாலும் கதிர்.

மார்ச்சில் தேர்வாளர் வரும் நாள் வந்தது. முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றைப் பார்த்து, கேள்வி கேட்டு, தேறுமா தேறாதா என்று சொல்லிவிட்டுப் போவது என்றால் அம்மாவுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். வாழைக்காய் வாங்கி வந்து பஜ்ஜி போட்டாள். சொஜ்ஜி கிளறினாள். பாத்திக்கு முன்னால் கோலம் போட்டு செம்மண் இட்டாள். என்னைப் புடவை கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

"அம்மா, பாக்க வரது கோதுமையை."

"இருக்கட்டும். கோதுமை சுமாரா இருந்தா, கூட இருக்கறவாளாவது நன்னா இருக்க வேண்டாமா?"

ஆட்டோவிலிருந்து பேராசிரியர் கைக்குட்டையோடு இறங்கினார். கூடவே தேர்வாளர், ஹரியானாப் பக்கத்து வேளாண் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஆஜானுபாகுவான மீசைக்காரர். மாடி வீட்டு அம்மாள் பஜ்ஜி வாசனையையும் என் புடவையையும் பார்த்துவிட்டு இறங்கி வந்து, அம்மாவின் காதில், "இதில் மாப்பிள்ளை யார்?" என்று கேட்டாராம். இரண்டு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள்.

தேர்வாளர் கோலத்தைத் தாண்டிப் பாத்திக்கு முன்னால் குந்தினார். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் தும்மினார்.

"வரிசை மிக நேராக இருக்கிறது. எந்தக் கருவியால் விதைத்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விதைக்கவில்லை. நாற்று விட்டு நட்டோம்."

"கோதுமையை?"

"கோதுமையை."

அவர் மீசையைத் தடவினார். "ஏன்?"

எனக்குப் பின்னால் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது. அப்பா சொன்னார் என்று நான் சொல்லியிருக்கலாம். அது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். குடையும் கொக்கும் ஞாபகம் வந்தன. வாய் தானாகப் பேசிற்று.

"இது ஒரு சோதனை, ஐயா. நெல்லுக்குச் செய்வதையெல்லாம் கோதுமைக்குச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க நினைத்தேன்."

"என்ன ஆயிற்று?"

"வரவில்லை, ஐயா. நாற்று விடக் கூடாது, தண்ணீர் கட்டக் கூடாது என்று தெரிந்துகொண்டேன்."

அவர் முகத்தில் லேசாக ஒரு திருப்தி வந்தது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அதற்குள் அப்பா முன்னால் வந்துவிட்டார். பாண்ட், கோட், டை. ஆபீஸில் பெரிய அதிகாரி முன்னால் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, பதிவில் ஒரு திருத்தம் வேண்டும்" என்றார், அவருடைய செக்ஷன் ஆங்கிலத்தில். "இது சோதனை இல்லை. நேராக விதைக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது என்று என் மகள் தொடக்கத்திலேயே ஆட்சேபம் தெரிவித்தாள். புத்தகத்தையும் காட்டினாள். அந்த ஆட்சேபத்தை நிராகரித்தது நான். இந்தப் பயிரின் நிலைக்கு முழுப் பொறுப்பு என்னுடையது. அவளுடைய மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

நான் அவர் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். அவர் என் மார்க்கைக் காப்பாற்ற உண்மையைச் சொல்லி, அந்தப் பொய்யைப் போட்டு உடைத்துவிட்டார். தேர்வாளர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பாத்தியைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"தண்ணீர் எத்தனை தடவை விட்டீர்கள்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"தினமும்."

"தினமுமா? அப்படியென்றால் இவ்வளவுகூடப் பிழைத்திருக்க முடியாதே!"

"நண்டுத் தொல்லை, ஐயா. தினமும் வரப்பைத் துளைத்துத் தண்ணீரை வெளியேற்றிவிடும்."

"நண்டா? இங்கேயா?"

கொக்கு வேலிக்கு மேல் வந்து உட்கார்ந்தது. இனி மறைத்துப் பயனில்லை.

"அப்பா" என்றேன் தமிழில், "அந்த நண்டு நான்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பாத்தியைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், அடைத்து அடைத்து மேடாகிக் கிடந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேர்வாளருக்கு விஷயத்தை மொழிபெயர்த்துச் சொன்னது நான் இல்லை, அப்பாதான். "அது நண்டு இல்லை, ஐயா. என் மகள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மா பஜ்ஜித் தட்டை நீட்டினாள். தேர்வாளர் ஒன்றை எடுத்து முழுவதும் தின்று முடிக்கும்வரை யோசித்தார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

"சரியான முறை இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குத் தகப்பனார் சாட்சி" என்றார் பேராசிரியரிடம். "தவறான முறையில் செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கிறது. அதற்கு இந்தப் பாத்தியே சாட்சி. செத்துக்கொண்டிருந்த பயிரை வடிகால் வெட்டிப் பிழைக்கவும் வைத்திருக்கிறாள். இதற்கு மேல் என்னதான் கேட்பது?" பேராசிரியர் தும்மலால் ஆமோதித்தார்.

தேறிவிட்டேன். ஜாட் பையனும் தேறினான். முப்பது ஏக்கர் கோதுமைக்கு நடுவே கயிறு கட்டி இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டரைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தானாம். அவன் சித்தப்பா கயிறு எதற்கென்று தெரியாமல் அவிழ்த்து, அதில் கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டார். தேர்வாளர் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்து, மொத்த வயலுக்கும் சேர்த்து மார்க் போட்டுவிட்டுப் போனாராம்.

அன்றிலிருந்து அப்பா பாத்தியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். தண்ணீரும் விடவில்லை. குடையைப் பரணில் போட்டார். தேறிய சந்தோஷத்தை என்னால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. ஏப்ரலில் கதிர் காய்ந்து சாய்ந்தது. அறுக்க அரிவாள் இல்லை. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, பிடுங்கி எறியலாம் என்றாள் அம்மா. மறுநாள் காலை பார்த்தால், அப்பா காகிதம் வெட்டும் கத்தரிக்கோலோடு பாத்தியில் உட்கார்ந்து ஒவ்வொரு கதிராகக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்து பொறுக்கினேன். அம்மியில் தட்டி, முறத்தில் புடைத்தோம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். எங்களுக்கு ஆழாக்கு மிஞ்சியது. மாவு மில்காரன் டம்ளரைப் பார்த்துவிட்டு, இதைப் போட்டால் மிஷினுக்குள்ளேயே தொலைந்துவிடும் என்று திருப்பி அனுப்பினான். அம்மா அதைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கைமிஷினில் போட்டுச் சுற்றினாள். மணல் மாதிரி மாவு. மாடி வீட்டு அம்மாள் வந்து பிசையக் கற்றுக்கொடுத்தார். நாலு சப்பாத்தி வந்தது. வட்டமாக ஒன்றுகூட இல்லை. வீடு முழுவதும் காப்பி வாசனை.

அப்பா இலைக்கு முன்னால் உட்கார்வது போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தில்லிக்கு வந்து இத்தனை வருடத்தில் அவர் தட்டில் விழுந்த முதல் சப்பாத்தி அது. எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல், அதைப் பிய்த்துப் போட்டு ரசம் விட்டுப் பிசைந்தார். நானும் அம்மாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக மென்றார். முழுங்கினார். இரண்டாவதையும் போடச் சொன்னார்.

"அடுத்த வருஷம் நேராவே விதைச்சுடலாம்" என்றார் என்னைப் பார்த்து. "அந்தப் புஸ்தகத்தை லைப்ரரில திருப்பிக் குடுத்துடாதே."

"அடுத்த வருஷம்தான் இவளுக்குப் பரீட்சையே இல்லையே!" என்றாள் அம்மா. "இவதான் பாஸ் பண்ணிட்டாளே, அப்பறம் யாருக்காக விதைக்கறேள்?"

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

"நான் இன்னும் பண்ணலையே" என்றார்.